மடிப்பு

அழைப்பு மணியின் வாயை அடைத்தது அண்ணிதான். தன் தையல் கடையில் மிஞ்சிய பஞ்சையும் வெட்டுத் துணியையும் அதற்குள் திணித்து, மேலே டேப்பைச் சுற்றி ஒட்டினாள். அதன்பிறகு அந்த வீட்டு மணியை அழுத்தினால், சளி பிடித்தவர் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். குக்கர் பரணில் ஏறியது. அலாரம் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டார்கள். காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பால் வண்டிக்காரரோடு அண்ணி நடுத்தெருவில் நின்று மல்லுக்கட்டினாள். அந்த ஆள் அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

எல்லாம் ஒரே ஒரு பெண்ணுக்காக. அண்ணனின் மூத்த மகள் ஒரு காலையில் தொலைபேசி அடித்ததைக் கேட்டுப் பாதித் தூக்கத்தில் துள்ளி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே சரிந்தாள். கண் மேலே செருகிவிட்டது, உதடு நீலம் பாரித்துவிட்டது. தம்பிக்காரன் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. கொஞ்ச நேரத்தில் அவளாகவே கண்ணைத் திறந்து, போனில் யார் என்று கேட்டாள். வீட்டில் அவளுக்கு முயல் என்று பெயர். கதவு படாரென்று சாத்திக்கொண்டால்கூட சின்ன வயதில் முகம் வெளுத்து நிற்பாள், அதனால் வந்த பெயர் அது. அப்படி எல்லோரும் பயந்தாங்கொள்ளி என்று சீண்டிய பெண்தான் கப்பல் இன்ஜின் படிப்பில் அடம்பிடித்துச் சேர்ந்து, தேறி, கடலில் கால் வைக்கும் நாளுக்காகக் காத்திருந்தாள்.

இந்தக் கதை அவளுடைய அத்தையைப் பற்றியது. முயல் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். சொந்த அண்ணன்கூட, "அத்தை வந்தாச்சா?" என்றுதான் கேட்பான். அண்ணி மட்டும் கோபம் வந்தால் டாக்டரம்மா என்பாள். அத்தை நோய் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். ஊசி போடத் தெரியுமா என்றால் தெரியாது. ஆனால் ஒரு செல்லின் தோலில் இருக்கிற ஒரு வாசல் எந்தக் கணத்தில் திறக்கிறது, எந்தக் கணத்தில் மூடுகிறது என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு யாரும் வீடு போய்ச் சேர முடியாது.

நம் உடம்பும் கரண்டில்தான் ஓடுகிறது என்பாள். கம்பியில் ஓடுகிற கரண்ட் இல்லை, உப்பின் கரண்ட். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிய தோல். தோல் முழுக்கப் புரதத்தால் ஆன வாசல்கள். சோடியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று. சோடியம் உள்ளே பாய்ந்தால் நரம்பு செய்தி சொல்கிறது, இதயம் துடிக்கிறது. பொட்டாசியம் வெளியே போனால் செல் ஆசுவாசப்பட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. அண்ணன் எலக்ட்ரீஷியன். "நீயும் கரண்ட் வேலை, நானும் கரண்ட் வேலை. உனக்கு மட்டும் ஷாக் அடிக்கிறதில்லை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். தங்கையைப் பற்றி அவனுக்கு அவ்வளவு பெருமை.

இதய டாக்டர் முயலின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். இதயத்தின் பொட்டாசியம் வாசலைக் கட்டுகிற புரதத்தில் ஒரே ஒரு கண்ணி மாறியிருப்பதாகப் பதில் வந்தது. இந்த மாற்றத்தை இதுவரை வேறு யாரிடமும் கண்டதில்லை, தீங்கானதா இல்லையா என்று சொல்வதற்கில்லை என்றும் எழுதியிருந்தார்கள். டாக்டர் விளக்கமாகவே சொன்னார். அந்த வாசல் மந்தமாக இருந்தால் இதயம் ஓய்வதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஓய்ந்து முடிக்கும் முன் ஒரு திடுக்கிடல் வந்துவிட்டால் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். தூக்கத்திலிருந்து எழுப்புகிற சத்தம்தான் இருப்பதிலேயே மோசம். அதனால் உண்மை தெரியும்வரை தான் எழுதித் தரும் மாத்திரையை விடக் கூடாது, திடீர்ச் சத்தம் கூடாது, கப்பலை மறந்துவிட வேண்டும் என்றார்.

குடும்பத்தில் யாராவது இப்படித் திடீரென்று போயிருக்கிறார்களா என்றும் கேட்டார். அண்ணன் இல்லை என்று தலையாட்டினான். அத்தைக்கு மட்டும் அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா நூல் ஆலையில் வேலை பார்த்தவர். சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளின் மேல் சாய்ந்து கண்ணயர்ந்தவர், ஆலைச் சங்கு ஊதியபோது எழுந்திருக்கவே இல்லை. அவருக்கென்றே ஊதின சங்கு என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது. அது அத்தையின் நாக்கு நுனி வரை வந்தது. அப்பாவிடம் இருந்ததென்றால் அண்ணனிடமும் இருக்கும், தன்னிடமும் இருக்கலாம். அப்பா ஓயாமல் புகைபிடிக்கிறவர், மாரடைப்பாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். படித்தவர்களுக்குத் தங்களை ஏமாற்றிக்கொள்வதற்கும் படிப்பு கைகொடுக்கிறது.

முயல் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் அத்தையின் ஆய்வுக்கூடத்துக்கே வந்து நின்றாள். அத்தை அப்போது வாயில் ஒரு ரப்பர் குழாயைக் கவ்விக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தாள். அந்த வேலையே அப்படித்தான். கண்ணாடிக் குழாயைச் சூட்டில் இழுத்தால் முடியைவிட மெல்லிய முனை கிடைக்கும். அந்த முனையைச் செல்லின் தோலில் தொடவைத்து, குழாயின் மறுபக்கத்தை வாயால் லேசாக உறிஞ்ச வேண்டும். பக்குவமாக உறிஞ்சினால் தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், வாசல் வழியாகப் போகிற கரண்டை அளக்கலாம். ஒரு இம்மி கூடினால் செல் கிழிந்துவிடும். அதில் அத்தையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பால்புட்டி அக்கா. அந்தப் பெயரைக் கேட்டதும் முயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"உன் வேலையே இதானே அத்தை. என் வாசல் நல்லா இருக்கா இல்லையான்னு நீயே பார்த்துச் சொல்லிடேன். மாத்திரை போடுறேன்னு தெரிஞ்சா கப்பல்காரங்க மெடிக்கல்லயே என்னைக் கழிச்சு விட்டுடுவாங்க."

அத்தைக்கு அந்த யோசனை ஏற்கெனவே இருந்தது. அதே மாற்றத்தோடு மரபணுவைச் செய்து வாங்கி, தட்டில் வளரும் செல்களுக்குள் விட்டால், அந்தச் செல்கள் முயலின் வாசலைக் கட்டத் தொடங்கும். பிறகு அளந்து பார்க்க வேண்டியதுதான் என்று விளக்கினாள். புரதம் முதலில் வெறும் நூலாகத்தான் வரும், அது சரியாக மடிந்தால்தான் வாசலாகும் என்றும் சொன்னாள்.

"மடிஞ்சு போறதுன்னா செத்துப் போறதுல்ல?" என்றாள் முயல்.

"இது வேற மடியறதுடி. உங்கம்மா துணியை மடிப்பாளே, அது."

அன்று மாலை வீட்டில் இதே பேச்சு. மடிப்பு சரியில்லாத புரதத்தைச் செல் வெளியே விடாது, உள்ளேயே பிடித்து வைத்து உடைத்துப் போட்டுவிடும் என்று அத்தை சொன்னபோது, கடையிலும் அப்படித்தானே, கோணல் மடிப்போடு ஒரு சட்டை வெளியே போனால் அப்புறம் யார் வருவார் என்று அண்ணி ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மடிப்பு சரியில்லாவிட்டால் வெளியே வராது என்ற வார்த்தை அத்தை வாயாலேயே வந்தது. வந்து, காற்றோடு போய்விட்டது.

வேலை மூன்று மாதம் நடந்தது. அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. செல்கள் உடம்புச் சூட்டில் வளரும். மளமளவென்று பெருகி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், கண்ணாடி முனைக்குப் பிடி கொடுக்காது. அதனால் அளப்பதற்கு முந்தைய நாள் தட்டுகளைக் குளிர்ந்த பெட்டி ஒன்றுக்கு மாற்றுவார்கள். இருபத்தேழு டிகிரி. அங்கே ஒரு இரவு இருந்தால் செல்கள் அடங்கி, உருண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அதற்குத் தூங்க வைப்பது என்று பெயர். மாலையில் கிளம்புகிறவர்களைப் பார்த்து, "தூங்க வெச்சுட்டியா?" என்று கேட்பது அங்கே வழக்கம். அத்தைதான் அந்தப் பெட்டியை வாங்கி வைத்தவள், அந்தச் சொல்லையும் ஓட விட்டவள். முயலின் தட்டுகளை ஒவ்வொரு தடவையும் அவளே தன் கையால் தூங்க வைத்தாள். பிள்ளைகளை நம்பவில்லை.

கரண்ட் வந்தது. மாற்றமில்லாத வாசல் எப்படித் திறந்து மூடியதோ, முயலின் வாசலும் அப்படியே திறந்து மூடியது. செல் செல்லாகப் பார்த்தாள். கோட்டின்மேல் கோடு அச்சாக உட்கார்ந்தது. அன்றைக்கு அத்தை யாரிடமும் சொல்லாமல் கழிவறைக்குப் போய் அழுதாள். முயலுக்காக அழுததாகத்தான் நினைத்தாள். அதில் கொஞ்சம் தனக்காகவும் இருந்தது.

டாக்டர் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. சந்தோஷம், ஆனால் இது ஒரு ஆய்வுக்கூடத்தின் முடிவு, மாத்திரை இருக்கட்டும் என்றார். அண்ணிக்கும் அதுவே சரியென்று பட்டது. கடலுக்குப் போகாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று முனகினாள். அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். முயலும் பார்த்தாள். அத்தை அப்போது சொன்னதை அந்த வீட்டில் யாரும் மறக்கப்போவதில்லை.

"அவரு இதயத்தை வெளியே இருந்து பார்க்கிறவரு அண்ணா. நான் அந்த வாசலையே பார்த்துட்டேன். மாத்திரையை நிறுத்திடலாம்."

அதற்குமேல் அப்பீல் இல்லை. அண்ணன் அன்றைக்கே ஸ்டூலைப் போட்டு ஏறி, மணியின் வாயிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தான். பழைய மணியையும் கழற்றிவிட்டு, கடையிலேயே பெரிய சத்தம் போடுகிற புது மணியாகப் பார்த்து வாங்கி மாட்டினான். வாசலில் நின்றுகொண்டு விடாமல் அழுத்தினான். முயல் காதைப் பொத்திக்கொண்டு, "போதும்பா, செத்தவன்கூட எழுந்து வந்துடுவான்" என்று சிரித்தாள். அண்ணி மட்டும் பஞ்சைக் குனிந்து பொறுக்கி ஒரு பையில் போட்டு வைத்தாள்.

கப்பல் ஏறுமுன் முடிக்க வேண்டிய பயிற்சிக்காக முயல் கப்பல் பயிற்சிப் பள்ளிக்குப் போன இரண்டாவது வாரம் அது நடந்தது. அதிகாலையில் விடுதியை எழுப்புவதற்கு ஒரு மணி அடிப்பார்கள். எல்லோரும் எழுந்து ஓடிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் பெண், முயல் தூங்குகிறாள் என்று நினைத்து, போர்வையை இழுத்துவிட்டு, சீக்கிரம் வாடி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோதும் முயல் அப்படியே கிடந்தாள்.

சாவுக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காரணம் இல்லாத அந்த வெற்றிடத்தில் அண்ணன் தன் நியாயத்தை ஊன்றிக்கொண்டான். வெயிலில் ஓட வைத்தே பெண்ணைக் கொன்றுவிட்டார்கள் என்றான். யார் இதயம் என்று வாயெடுத்தாலும், "எங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல. என் தங்கச்சியே பார்த்துச் சொல்லிட்டா" என்று அடித்துப் பேசினான். பள்ளிக்காரர்களோடு நடந்த சண்டையிலும் அதையேதான் சொன்னான். அத்தை பக்கத்தில் இருக்கும்போதும் சொன்னான். அவளும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். வாசலை அவள் பார்த்திருக்கிறாள். வாசல் நன்றாக இருந்தது. ஆகையால் இது வேறு ஏதோ. எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் அந்த விடுதி மணி மட்டும் இடித்தது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகினாள்.

அண்ணி அந்தச் சண்டைகளுக்குப் போகவில்லை. ஒரே ஒரு தடவை தானாகக் கூப்பிட்டு அத்தையிடம் சொன்னது முயலின் செல்போனைப் பற்றி. சாமான்களோடு திரும்பி வந்த அந்தப் போனை அவள் தம்பி சார்ஜ் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். அவன் பார்சல் கிடங்கில் விடிகாலை ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். முயல் வைத்திருந்த அலாரம் இன்னும் தினமும் அடிக்கிறது. திரையில் "எழுந்திரு எருமை" என்று வருகிறதாம், தனக்குத் தானே எழுதி வைத்துக்கொண்டது. "அந்தச் சத்தம் கேட்டா அவ எழுந்த மாதிரியே இருக்கு. அதுக்காகவே நான் முன்னாடி முழிச்சுக் காத்துட்டிருக்கேன்" என்றாள் அண்ணி. கேட்கட்டும் அண்ணி, அதையாவது கேளுங்க என்று அத்தை சொன்னாள்.

பிறகு குளிர்ப்பெட்டி கெட்டுப்போனது.

மோட்டார் எரிந்துவிட்டதென்று மெக்கானிக் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். முயலின் வாசலைப் பற்றி அத்தை ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். தீங்கில்லாத மாற்றம் என்று உலகத்துக்கும் சொல்லிவிடுகிற கட்டுரை. அதற்கு இன்னும் சில செல்களை அளக்க வேண்டியிருந்தது. கூடத்துப் பெண் வந்து, தூங்க வைக்க வழியில்லை, தட்டுகளைச் சூட்டுப்பெட்டியிலேயே விட்டுவிட்டேன் அக்கா என்றாள். அத்தை அவளைக் கடிந்துகொண்டு, வேறு வழியில்லாமல் அந்தத் தட்டுகளையே எடுத்து வைத்து, வாயில் குழாயைக் கவ்வினாள்.

கரண்ட் வரவில்லை. செல் சரியில்லை போலிருக்கிறது என்று அடுத்ததைப் பிடித்தாள். அதிலும் வரவில்லை. மாற்றமில்லாத வாசல் இருக்கிற தட்டை எடுத்துப் பார்த்தாள். அதில் வெள்ளமாக வந்தது. திரும்ப முயலின் தட்டுக்கு வந்தாள். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

குழாய் அவள் வாயிலிருந்து நழுவி விழுந்தது. புரிவதற்குப் பெரிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் வகுப்பில் அவளே பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பதுதான். சில புரதங்கள் உடம்புச் சூட்டில் சரியாக மடிவதில்லை. செல்லுக்குள் இருக்கிற காவல் அவற்றை மடக்கிப் பிடித்து உடைத்துவிடுகிறது. தோலுக்கு ஒரு வாசலும் வந்து சேர்வதில்லை. அதே புரதத்தைக் குளிரில் வைத்தால் நிதானமாக மடிந்து, ஒழுங்காக வெளியே வந்து, நல்ல பிள்ளையாக வேலை செய்கிறது. முயலின் வாசல் கெட்ட வாசல் இல்லை. அவள் உடம்பின் சூட்டில் வெளியே வர முடியாத வாசல். அத்தை அதைக் குளிரில் தாலாட்டித் தூங்க வைத்து, மடிப்பைச் சரிசெய்து, வெளியே வரவழைத்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று சான்று சொல்லியிருக்கிறாள். இருபத்தேழு டிகிரியில் எந்த மனுஷி உயிரோடு இருக்கிறாள்? பிணம்தான் அந்தக் குளிருக்கு வரும்.

இந்தத் தவறை ஒரு கசாப்புக் கடைக்காரரோ கணக்கு வாத்தியாரோ செய்திருக்க முடியாது. அவர்கள் டாக்டர் சொன்னதைக் கேட்டு மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள். இப்படித் தவறுவதற்கு அத்தையின் கைராசி வேண்டும், அத்தையின் பெட்டி வேண்டும், அத்தையின் திமிர் வேண்டும். அந்த மோட்டார் நாலு மாதம் முன்னால் எரிந்திருந்தால் முயல் இன்றைக்கு மாத்திரையைத் திட்டிக்கொண்டே விழுங்கிக்கொண்டிருப்பாள்.

தட்டு கெட்டுப்போயிருந்ததா அக்கா என்று கூடத்துப் பெண் கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. புதுப் பெட்டி வரும், செல்கள் தூங்கும், கோடுகள் மறுபடி அச்சாக உட்காரும். அண்ணனுக்கு அவன் நியாயம் இருக்கும், அவளுக்கு அவளுடைய அண்ணன் இருப்பான். அத்தை அந்த ஆமாமைச் சொல்லக்கூட வாயெடுத்தாள். அப்போதுதான் எழுந்திரு எருமை என்கிற அலாரம் நினைவுக்கு வந்தது. தலைமாட்டில் அந்தப் போனை வைத்துக்கொண்டு தூங்குகிற தம்பியும் அதே ரத்தம். விடிந்தால் அது அடிக்கும். கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

அண்ணன் வீட்டு வாசலில் அவள் விரல் பழக்கத்தில் மணிக்குப் போய், தொடுவதற்கு முன் நின்றது. நகத்தால் கதவை மெல்லத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை தட்டினாள்.

"மணிதான் இருக்கே, ஏன் இப்படித் திருடி மாதிரி சுரண்டுறே?" என்றபடி அண்ணி கதவைத் திறந்தாள்.

தம்பி எங்கே என்று கேட்டாள் அத்தை. வேலைக்குப் போய்வந்த களைப்பு, உள்ளே தூங்குகிறான் என்றாள் அண்ணி. பேச்சுக் குரல் கேட்டு அண்ணன் எழுந்து வந்தான். வா, உட்கார், முகமே சரியில்லையே என்றான். அத்தை உட்காரவில்லை. அவன் அடுத்த வார்த்தையை அன்பாகச் சொல்லிவிட்டால் தன்னால் முடியாது என்று தெரிந்து, நின்றபடியே சொன்னாள். தான் பார்த்தது தப்பு என்றாள். அந்த வாசலைக் குளிரில் வைத்துப் பார்த்துவிட்டேன், சூட்டில் அது மடியவே இல்லை, வெளியே வரவே இல்லை, மாத்திரை வேண்டியிருந்தது என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள், உள்ளே தம்பி தூங்குகிறான்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. குளிர் என்றால் எந்தக் குளிர் என்று திருப்பித் திருப்பிக் கேட்டான். அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ அவ உடம்புச் சூட்டுல நீ பார்க்கவே இல்லையா?"

"இல்ல அண்ணி."

"ஒரு தடவைகூட?"

அத்தை தலையை ஆட்டினாள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அழவில்லை. அந்த வீட்டில் அழுகை தீர்ந்துபோய்ப் பல நாளாகிவிட்டது.

இன்னும் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. தம்பியை நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும், அவனுக்கும் இருக்கலாம் என்றாள் அத்தை. அப்பாவின் சங்கைப் பற்றியும் சொன்னாள். அண்ணன் அசையாமல் கேட்டான். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டான், எதையோ கீழே போட்டுவிட்டவன் மாதிரி.

"அப்போ என்கிட்டேருந்துதான் அவளுக்குப் போச்சா?"

"என்கிட்டயும் இருக்கலாம் அண்ணா" என்றாள் அத்தை. அதைச் சொன்னால் துக்கத்தில் தனக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

"உன்கிட்ட இருந்தா எங்களுக்கென்ன?" என்றாள் அண்ணி.

அண்ணன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். வீடு வீடாக மணி மாட்டுகிற கை, அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரைத் தேடக்கூட இல்லை. அவன் வாங்கி மாட்டிய மணியை அவனே ஆணியோடு பிய்த்து எடுத்தான். சுண்ணாம்பு அவன் முகத்தில் உதிர்ந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. தங்கையை அவன் அதற்கப்புறம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அண்ணி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் முயலின் போன் இருந்தது. சார்ஜ் வயரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"இதுவும் கூடாதா?"

அவள் அதைக் கேட்ட விதத்தில், கூடும் என்று ஒரு பொய் சொல்லமாட்டாளா இவள் என்ற ஆசை இருந்தது. இவ்வளவு நாளும் கேட்டவற்றுக்கெல்லாம் வேண்டிய பதிலைச் சொன்னவள்தானே அத்தை.

"கூடாது அண்ணி. இதுதான் முதல்ல கூடாது."

அண்ணி போனை நீட்டினாள். "அப்போ நீயே அழி. என் கையால நான் அழிக்க மாட்டேன்."

அத்தை வாங்கிக்கொண்டாள். தேட வேண்டியிருக்கவில்லை, அதில் இருந்தது ஒரே ஒரு அலாரம்தான். எழுந்திரு எருமை. விரலை வைத்ததும், நீக்கிவிடலாமா என்று போன் கேட்டது. செல்லின் தோலைக் கிழிக்காமல் தொடத் தெரிந்த விரல் ஆம் என்ற பொத்தானின்மேல் இறங்க மாட்டேன் என்றது. இரண்டாவது தடவை இறங்கியது. திரை காலியானது.

உள்ளே தம்பி புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் மறுபடி அயர்ந்து தூங்கத் தொடங்கியதும், அண்ணி போனைத் திரும்ப வாங்கி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"நீ கிளம்பு. கதவை மெதுவாச் சாத்திட்டுப் போ."

அத்தை மெதுவாகத்தான் சாத்தினாள்.